நிலவேம்பு

நிலவேம்பு என்பது ஆடாதோடை, கனகாம்பரம் ஆகியவை அடங்கிய அக்காந்தேசி குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடி. தாவரவியல் பெயர் ஆண்டிரோகிராபிஸ் பானிக்குலேட்டா. தென்மாவட்டங்களில் சிறியாநங்கை என்றால்தான் பலருக்கும் தெரியும். வேப்பமரத்துக்கும் இதற்கும் உறவில்லை. கசப்பு ஒன்றே பொது, அதிலும் வேம்பு இதனிடம் தோற்கும். இந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். சீனர்கள் இதைச் சுவான்சின்லியான் என்று அழைத்து, காய்ச்சலுக்கும் தொண்டைப் புண்ணுக்கும் தருகிறார்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் வரப்போரங்களிலும் கண்மாய்க் கரைகளிலும், அழகர்மலை அடிவாரப் புதர்களின் அரைநிழலிலும் இது முளைக்கும். வடகிழக்குப் பருவமழையில் தழைத்து, பனிக்காலத்தில் பூக்கும். உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள். தண்டு நாற்பட்டையாகவும் இலை ஈட்டி வடிவிலும் இருக்கும். சிறிய வெள்ளைப் பூவின் உதட்டில் ஊதாக் கறை தெரியும். சுமார் 2 செ.மீ. நீளமுள்ள தட்டையான காய் முற்றியதும் வெடித்து விதை சிதறும். கோபுரந்தாங்கி என்னும் மூலிகையும் இதே பேரினந்தான்.

கசப்புக்குக் காரணம் ஆண்டிரோகிராபோலைடு என்னும் வேதிப்பொருள். இதை 1911இல் கோர்ட்டர் என்பவர் தனியே பிரித்தெடுத்தார். இலையில் மிகுதி, தண்டில் குறைவு. பூக்கத் தொடங்கும் பருவத்தில் இது உச்சத்தில் இருப்பதால், பயிரிடுவோர் அப்போதே அறுத்து நிழலில் உலர்த்துகிறார்கள்.

பாம்பு அண்டாது என்று வீட்டைச் சுற்றிச் சிறியாநங்கை வைப்பது கிராமத்து வழக்கம். பாம்பு கடித்தவர் வாயில் இலையைக் கொடுத்து, கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டுவதும் உண்டு. இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. இலையை மென்று பார்க்கும் நேரத்தில் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் பாதி தூரம் போய்விடலாம்.

சித்த மருத்துவம் இதற்குக் கைப்புச் சுவையும் வெப்பத் தன்மையும் சொல்கிறது. சீன மருத்துவமோ இதைக் குளிர்ந்த மருந்தாக வகுத்து, உடலின் சூட்டைத் தணித்து நஞ்சை அகற்றும் என்கிறது. இரண்டு மரபுகளும் நேரெதிர்க் கணக்கில் தொடங்கினாலும் காய்ச்சல்காரரிடமே வந்து சேர்கின்றன. பயன்படுத்தும் முறையிலும் வேறுபாடு உண்டு. சீனத்தில் மாத்திரையாகவும், இதன் வேதிப்பொருளிலிருந்து உருவாக்கிய ஊசிமருந்தாகவும் புழங்குகிறது. அத்தகைய ஊசிமருந்து ஒன்றின் சில தொகுதிகள், போட்டவர்களுக்கு நடுக்கமும் காய்ச்சலும் கண்டதால் 2017இல் திரும்பப் பெறப்பட்டன. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் கூட்டு மருந்தாகவே வயிற்றுக்குள் போகிறது.

அந்தக் கூட்டு மருந்துதான் நிலவேம்புக் குடிநீர். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பதும் சேர்ந்த சூரணத்தை நீரிலிட்டு, நான்கில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி வடிகட்டுவார்கள். ஆறவைத்து மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது. காய்ச்சிய சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

வைத்தியர் வீட்டோடு இருந்த இந்தக் கஷாயம் தெருவுக்கு வந்தது 2012இல். அந்த ஆண்டு டெங்கு தென்மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்க, மாநில அரசே இதை விநியோகிக்க முன்வந்தது. அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவு தொடங்கி, கட்சிக்காரர்களும் ரசிகர் மன்றத்தினரும் போடும் பந்தல் வரை அண்டாக்கள் ஏறின. 2017 அக்டோபரில், இது மலட்டுத்தன்மை உண்டாக்கும் என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. ஆராய்ச்சி முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தம் ரசிகர்களைக் கேட்டுக்கொள்ள, சித்த மருத்துவர்கள் மறுப்பு தெரிவித்தார்கள். 2020இல் கொரோனாவுக்காக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளிலும் நிலவேம்பு ஒன்று.

பயன் எவ்வளவு? சளி, இருமல், தொண்டைவலி ஆகியவற்றில் ஓரளவு நிவாரணம் தருவதாக மனிதர்களிடம் செய்த பரிசோதனைகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பல தரத்தில் குறைந்தவை. டெங்குவைத் தடுக்கும் என்பது பெரிய அளவிலான மருத்துவப் பரிசோதனைகளில் நிறுவப்படவில்லை. தட்டணுக்கள் குறையும் நிலையில் ரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரின் கண்காணிப்புக்கும் இது மாற்றாகாது. தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதற்குப் பதிலாகக் கஷாயம் குடித்தால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு நட்டமும் இல்லை.

கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கவும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்கலாம். அரிதாகக் கடும் ஒவ்வாமையும் ஏற்படலாம்.

நாட்டு மருந்துக் கடைகளில் உலர்ந்த கட்டாகவும் சூரணமாகவும் கிடைக்கிறது. கட்டாக வாங்கினால் இலை எவ்வளவு, குச்சி எவ்வளவு என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பொடித்த பிறகு அந்த வசதி இல்லை.