கைகர் கவுண்டரும் மகாவம்சமும்

கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கவுண்டரைப் பற்றி நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம். அதன் முதல் வடிவத்தை ரூதர்போர்டுடன் சேர்ந்து மான்செஸ்டரில் 1908-ல் உருவாக்கியவர் ஹான்ஸ் கைகர். அதே 1908-ல் அவருடைய தந்தையும் ஒரு பெரிய வேலையை முடித்தார். இலங்கையின் பாலி மொழி வரலாற்று நூலான மகாவம்சத்தைப் பல சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்தமாகப் பதிப்பித்தார். லண்டனில் பாலி நூல் கழகம் அதை வெளியிட்டது. அந்தத் தந்தையின் பெயர் வில்ஹெல்ம் கைகர் (1856–1943).

நூரம்பர்க்கில் பிறந்த இவர் முதலில் படித்தது ஈரானிய மொழிகளை. அவெஸ்தா, பலூச்சி, பஷ்தூ ஆகியவற்றில் பெயர் வாங்கியபின் 1891-ல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1895-ல் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். அப்போது வயது 39. அந்த ஒரு பயணம் மீதி வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1900-ல் சிங்கள இலக்கியமும் மொழியும் பற்றிய நூல், 1912-ல் மகாவம்ச மொழிபெயர்ப்பு, 1916-ல் பாலி இலக்கணம், 1938-ல் சிங்கள மொழி இலக்கணம் என்று வரிசையாக வந்தன. மாலத்தீவு மொழியும் சிங்களமும் உறவு மொழிகள் என்பதை ஆராய்ந்து எழுதினார். கொழும்பில் 1927-ல் தொடங்கிய பெரிய சிங்கள அகராதித் திட்டத்துக்கும் அவருடைய ஆலோசனை கிடைத்தது. மறுபடி இலங்கைக்கு வந்தபோது வயது 69. மூன்றாம் முறை வந்தபோது 75. ஓய்வு பெற்றவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது!

சிங்களம் இந்தோ-ஆரியக் குடும்பத்து மொழி என்பதை ஒலி மாற்ற விதிகளோடு நிறுவியது அவருடைய முக்கியமான பணி. ஆகாசம் அங்கே 'அஹச' ஆனது. சந்திரன் 'ஹந்த' ஆனது. வடக்கிலிருந்து பிரிந்துபோன மொழி இரண்டாயிரம் ஆண்டுகள் தமிழுக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அதில் பார்க்கலாம். அக்கா அங்கேயும் அக்காதான். நங்கை 'நங்கி'யாகித் தங்கையைக் குறிக்கிறது. கடை 'கடே', இடம் 'இடம', கூலி 'கூலிய'. நம்மைப் போலவே குறில் எகரமும் ஒகரமும் உண்டு. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும்.

மகாவம்சத்தைப் பற்றிச் சொன்னால் நம்மவர்களுக்குச் சற்றுக் கோபம் வரும். எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் காவியம் அது. போரில் இத்தனை பேரைக் கொன்றுவிட்டேனே என்று வருந்தும் மன்னனுக்கு பிக்குகள் சொல்லும் ஆறுதல் அதில் இருக்கிறது. இறந்தவர்களில் மனிதர் என்று கணக்கில் வருவது ஒன்றரைப் பேர்தான், மற்றவர்கள் விலங்குக்குச் சமம் என்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதி எப்படியெல்லாம் பயன்பட்டது என்பது நமக்குத் தெரியும்.

இதற்காக நூலையே தூக்கி எறிந்துவிடலாமா? கைகர் காலத்திலேயே இதெல்லாம் கட்டுக்கதை என்று சொன்ன அறிஞர்கள் இருந்தார்கள். கைகர் அவர்களுக்குச் சான்று காட்டிப் பதில் சொன்னார். அசோகர் காலத்தில் இமயமலைப் பகுதிக்குச் சென்ற பிக்குகள் என்று இலங்கை நூல்கள் மஜ்ஜிமர், கஸ்ஸபகோத்தர் ஆகிய பெயர்களைத் தருகின்றன. அதே பெயர்கள் சாஞ்சிப் பகுதி ஸ்தூபிகளில் கிடைத்த அஸ்திப் பேழைகளில் பொறிக்கப்பட்டிருந்தன. அற்புதங்களை ஒதுக்கிவிட்டு, வெளிச்சான்றோடு பொருந்துவதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் வழி.

அந்த வழியால் நமக்கும் லாபம்தான். சிலப்பதிகாரம் சேரன் செங்குட்டுவன் விழாவுக்குக் கயவாகு மன்னன் வந்ததைச் சொல்கிறது. அந்தக் கயவாகு கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஆண்ட கஜபாகு என்று மகாவம்ச அரசர் வரிசையைக் கொண்டே கணக்கிட்டார்கள். சங்க காலத்துக்கு ஆண்டு குறிக்க நெடுங்காலம் ஊன்றுகோலாக இருந்தது அதுதான். நூலின் தொடர்ச்சியான பகுதியைச் சூளவம்சம் என்று தனியே பிரித்துப் பதிப்பித்தவரும் கைகரே. சோழர்கள் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்ததையும், அரச முடியைக் கொண்டுபோனதையும், அவன் சோழ நாட்டிலேயே 12 ஆண்டுகள் இருந்து இறந்ததையும் அது சொல்கிறது. ஈழத்து முடியைக் கொண்டுவந்ததை ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியும் பேசுகிறது. வென்றவனும் தோற்றவனும் ஒரே செய்தியைச் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாளன் நீதி தவறாமல் 44 ஆண்டுகள் ஆண்டான் என்று எழுதியதும் இதே மகாவம்சம்தான். தேர்க்காலில் கன்றைக் கொன்ற மகனைத் தண்டித்த ஆராய்ச்சி மணிக் கதை அதில் அப்படியே இருக்கிறது. திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையேதான்! துட்டகைமுனு எல்லாளனுக்கு நினைவிடம் கட்டினான், அதைக் கடக்கும்போது மன்னர்களும் வாத்திய ஒலியை நிறுத்த வேண்டும் என்று கட்டளையிட்டான் என்றும் இருக்கிறது.

எங்கள் ஜவ்வாது மலையிலிருந்து செங்கம் பக்கம் இறங்கினால் பல்லவர் கால நடுகற்கள் நிறைய. ஆநிரை மீட்டு இறந்தவனின் ஊர்க்காரர்கள் நட்டவை. சொந்த ஆளுக்குக் கல் நடுவது இயல்பு. எதிரிக்கு நினைவிடம் எழுப்பியதை, எதிரியைப் பிடிக்காத ஒரு நூலே பதிவு செய்திருப்பது அபூர்வம். இரு பக்கத்திலும் மகாவம்சத்தை மேற்கோள் காட்டிச் சண்டையிட்டவர்கள் அந்த வரிகளையும் நின்று படித்திருக்கலாம். கைகர் ஒரு வரியையும் விடாமல்தான் மொழிபெயர்த்து வைத்தார்.