வருமானம் ஏறியும் ஷேர் விலை சரிந்தது ஏன்? ரேக்ஸ்பேஸ் கதை

மற்ற கம்பெனிகளின் வெப்சைட், டேட்டாவை வாடகை சர்வரில் வைத்துப் பராமரிப்பதுதான் கிளவுட் ஹோஸ்டிங். அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ரேக்ஸ்பேஸ் இந்தத் துறையில் பழைய கை.

என்ன நடந்தது?

2016-ல் அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனம், ஷேருக்கு 32 டாலர் கொடுத்து ரேக்ஸ்பேஸை மொத்தமாக வாங்கியது. விலை சுமார் 430 கோடி டாலர். இதற்காக வாங்கிய பெரும் கடன் ரேக்ஸ்பேஸ் தலையிலேயே ஏறியது.

2020 ஆகஸ்டில் 21 டாலர் விலையில் மீண்டும் பங்குச்சந்தைக்கு வந்தது. முதல் நாளே சரிவு. 2022 முடிவில் விலை சுமார் 3 டாலர்தான்!

அப்போ வியாபாரமே இல்லையா?

இருந்தது. 2021 வருமானம் சுமார் 300 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிட அதிகம். ஆனாலும் நஷ்டம். வட்டிச் சுமை ஒரு பக்கம். அமேசான், மைக்ரோசாஃப்ட் கிளவுடை நிர்வகித்துத் தரும் வேலையில் லாபம் குறைவு என்பது இன்னொரு பக்கம். 2022 டிசம்பரில் ரான்சம்வேர் தாக்குதலால் இமெயில் சேவையும் முடங்கியது.

சிறு முதலீட்டாளர்கள் எதைப் பார்க்கணும்?

'கிளவுட்னாலே வளர்ச்சி' என்ற பேச்சை மட்டும் நம்பாதீங்க. கடன் எவ்வளவு, வட்டி போக மிஞ்சுவது எவ்வளவுன்னு பாருங்க. கடன் கொடுத்தவருக்குப் போன பிறகுதான் ஷேர் வைத்திருப்பவருக்கு!