இறுகலும் உதிர்தலும்: கனிமப் பிணைப்பி வார்ப்பு மணலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிக்கேட்டைக் கொண்டு வார்ப்பு மணலை இறுக்கும் முறைகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்முறைகளின் ஏற்றத்தாழ்வைப் பெரிதும் தீர்மானித்தது மணலின் வலிமையன்று, வார்த்தபின் அது உதிரும் தன்மையே என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வார்ப்பு மணல், நீர்க்கண்ணாடி, உள்ளச்சு, கனிமப் பிணைப்பி

முன்னுரை

வார்ப்பின் உட்புறத்தில் குழிவை உண்டாக்க, தொழிலாளர் ‘கோர்’ என வழங்கும் மணல் உள்ளச்சு வைக்கப்படுகிறது. உருகிய உலோகம் பாயும்போது அது சிதையாது நிற்றல் வேண்டும்; உலோகம் உறைந்தபின் எளிதில் உதிர்ந்து வெளிவருதலும் வேண்டும். முரண்பட்ட இவ்விரு தேவைகளே பிணைப்பிகளின் வரலாற்றை வழிநடத்தின.

வாயுவால் இறுக்குதல்

நீர்க்கண்ணாடியின் இயல்புகளைப் பவேரிய வேதியியலாளர் யோஹான் ஃபான் ஃபுக்ஸ் 1825இல் விளக்கினார். சிலிக்கேட் கலந்த மணலைக் கார்பன் டை ஆக்சைடால் இறுக்கும் கருத்து, ஹார்க்ரீவ்ஸ், பவுல்சன் ஆகியோர் 1898இல் பெற்ற பிரித்தானியக் காப்புரிமையில் இடம்பெற்றது. எனினும், 1940களின் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் லெவ் பெட்ர்செலா மேற்கொண்ட பணிக்குப் பின்னரே அது தொழில்முறையாக வளர்ந்தது.

மணலின் எடையில் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு பிணைப்பியைக் கலந்து, அச்சில் நிரப்பி, வாயுவைச் செலுத்தினால் சிலிக்காக் கூழ்மம் உருவாகி மணற்பரல்களைப் பிணைக்கிறது. அடுப்பில் பல மணி நேரம் சுட வேண்டியிருந்த உள்ளச்சு சில நொடிகளில் இறுகியது. ஆயின், வாயு மிகுந்தால் நாளடைவில் உள்ளச்சு பொடியும். செலவு குறைந்த இம்முறை கோயம்புத்தூரின் பம்பு, மோட்டார் வார்ப்பாலைகளிலும் இடம்பெற்றது.

பின்னடைவு

உலோகத்தின் வெப்பத்தில் சிலிக்கேட் உருகி, ஆறியதும் கண்ணாடிபோல் உறைந்தது. உள்ளச்சைச் சம்மட்டியும் உளியும் கொண்டு பெயர்க்க வேண்டியதாயிற்று. மணலில் தங்கிய சோடியம் அதன் மறுபயன்பாட்டையும் தடுத்தது. வாயுவுக்கு மாற்றாக எஸ்டர்களால் இறுக்கும் முறை பிணைப்பியின் அளவைக் குறைத்து இக்குறையைத் தணித்ததே அன்றி நீக்கவில்லை.

இந்நிலையில், 1960களின் இறுதியில் பீனாலிக் யூரித்தேன் பிசினை அமீன் ஆவியால் இறுக்கும் ‘கோல்டு பாக்ஸ்’ முறை தோன்றியது. வெப்பத்தில் பிசின் எரிந்துபோவதால் மணல் தானே உதிர்ந்தது. பேரளவு உற்பத்தி அதன்பாற் சென்றது. ஆனால் எரியும் பிசினிலிருந்து பென்சீன் முதலிய நச்சாவிகள் எழுந்தன. உளியின் உழைப்பு குறைந்த இடத்தில் மூச்சுக்கு ஊறு நேர்ந்தது.

மீள்வருகை

2000களில் ஜெர்மனியில் கனிமப் பிணைப்பிகள் புதுவடிவம் பெற்றன. ஏறத்தாழ 150 முதல் 200 பாகை செல்சியசு வரை சூடாக்கிய அச்சில், வெப்பக் காற்றால் நீரை அகற்றி மணல் இறுக்கப்படுகிறது. பிணைப்பியின் குறைந்த அளவும் உடன்சேர்க்கும் நுண்கனிமத் தூளும் உதிர்தலுக்குத் துணைபுரிகின்றன. அலுமினியம் இரும்பைவிடக் குறைந்த வெப்பத்தில் வார்க்கப்படுவதால் சிலிக்கேட் கண்ணாடியாவதும் குறைகிறது. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் லாண்ட்ஸ்ஹூட் வார்ப்பாலை இம்முறையைப் பேரளவில் ஏற்றது. எனினும், ஈரக்காற்றில் உள்ளச்சு வலுவிழப்பது தொடரும் குறையாகும். இரும்பு வார்ப்பிலும் பழைய இடர் முற்றிலும் நீங்கவில்லை.

முடிவுரை

இறுக்கும் வழி 1898இலேயே அறியப்பட்டிருந்தது. உதிர்க்கும் வழியே நெடுங்காலம் கைகூடவில்லை. அக்குறையால் பின்தள்ளப்பட்ட கனிமப் பிணைப்பி, தொழிலாளர் சுவாசிக்கும் காற்றும் உற்பத்திச் செலவின் கணக்கில் சேர்ந்தபோது மீண்டும் இடம்பெற்றது. ஆகவே, ஒரு தொழில்நுட்பத்தின் வெற்றியை அதன் வேதியியல் மட்டுமே தீர்மானிப்பதில்லை. அதன் சுமை யார்மேல் விழுகிறது என்பதும் தீர்மானிக்கிறது.