கல்லும் ஓலையும் வன்தட்டும்

பெங்களூரிலிருந்து ஓசூர்ச் சாலையில் செல்வோர் எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து, சந்தாபுரத்தில் வலப்புறம் திரும்பினால் ஆனேக்கல் என்னும் ஊரை அடையலாம். தமிழ்நாட்டின் எல்லை இவ்வூருக்கு மிக அண்மையில் உள்ளது. ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் யானைக்கல் என்று பொருள் கொள்ளவே நமக்குத் தோன்றும். ஆனால் கன்னடத்தில் ஆனேகல்லு என்பது ஆலங்கட்டி மழையின் கட்டியையும் குறிக்கும். கல்லைப் போன்ற தோற்றம். கையில் எடுத்த சிறிது நேரத்தில் உருகி மறையும் இயல்பு. எழுதி வைத்தவை எவ்வளவு காலம் நிற்கும், நில்லாதபோது அவற்றை எவ்வாறு மீட்பது என்னும் கேள்வியை ஆராய்வதற்கு இவ்வூர் பொருத்தமான இடமே. இங்கே ஒருபுறம் பல நூற்றாண்டுப் பழமையுள்ள கல்வெட்டுக்கள். மறுபுறம் கணிப்பொறித் தொழிலின் மாளிகைகள்.

எனக்கு நேர்ந்த ஒன்றை முதலில் கூறிவிடுகிறேன். என் தந்தையார் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்பை நாடி இப்பகுதிக்கு வந்தவர். முதுமையில், தாம் பிறந்த ஊரின் ஏரி, நிலங்கள், உறவு முறைகள், திருவிழாக்கள் ஆகியவற்றைக் குறித்து ஆறு குறிப்பேடுகள் எழுதினார். அவர் மறைந்த பின் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, கணிப்பொறியின் வன்தட்டில், அதாவது ஹார்டு டிஸ்க் என்று வழங்குவதில், சேமித்து வைத்தேன். தாள்கள் பின்னர் மழைக்கால ஈரத்துக்கும் கறையானுக்கும் இரையாயின. படங்கள் இருக்கின்றன என்னும் துணிவில் நான் பெரிதும் வருந்தவில்லை. ஒருநாள் மாலை கணிப்பொறியின் உள்ளிருந்து ‘டக், டக்’ என்னும் ஓசை சீராக எழுந்தது. திரையில் ஒன்றும் தோன்றவில்லை. நிறுத்தி மீண்டும் இயக்கினேன், பின்னும் இயக்கினேன். இரவு வரை இதே வேலை. மறுநாள் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டு சென்றபோது அவர் கேட்ட முதற் கேள்வி இது: “ஐயா, சத்தம் கேட்ட பிறகு எத்தனை தடவை ஓட விட்டீங்க?”

அக்கேள்வியின் பொருளை உணர்வதற்கு வன்தட்டின் வரலாற்றையும் அமைப்பையும் சிறிது அறிதல் வேண்டும்.

வன்தட்டு பிறந்த ஆண்டு 1956. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில், ரெனால்டு ஜான்சன் என்பாரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ராமாக் என்னும் இயந்திரத்தை உருவாக்கினர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டு, நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அவ்வியந்திரம் 50 இலட்சம் எழுத்துக்களைத் தாங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே படத்துக்குக்கூட அந்த இடம் போதாமற் போகலாம். 1973-இல் அந்நிறுவனம் வின்செஸ்டர் என்னும் புதிய அமைப்பைக் கொணர்ந்தது. தட்டும் அதைப் படிக்கும் முனையும் மூடிய பெட்டிக்குள் அடங்கின. இன்று சீகேட் எனப்படும் நிறுவனம் 1980-இல் 5 மெகாபைட் கொள்ளும் சிறிய வன்தட்டை வெளியிட்டது. அதன் பின்னரே இது மேசைமேல் வைக்கும் கணிப்பொறிக்குள் புகுந்தது.

இதன் அமைப்பு வியப்புக்குரியது. கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன தட்டின்மீது மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, கரம் போன்றதொரு கோலின் நுனியிலுள்ள முனை, தட்டைத் தொடாமல், காற்றின் மெல்லிய அடுக்கின்மேல் மிதந்தவாறு படிக்கிறது. இரண்டிற்கும் இடையிலுள்ள வெளி சில நானோமீட்டரே. மனிதரின் தலைமயிர் ஒன்றின் பருமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். முனை தட்டில் உராய்ந்தால் காந்தப் படலம் சுரண்டப்படும். சுரண்டிய துகள் மேலும் சுரண்டும். நான் கேட்ட ஓசை, முனை தன் அடையாளத்தைக் காணாமல் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கு மீளும் ஓசை. அந்நிலையில் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எஞ்சியிருந்ததில் ஒரு பகுதியை நானே அழித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பழுதும் இவ்வாறு கொடியதன்று. மின்சுற்றுப் பலகை மட்டும் கருகியிருக்கலாம். அப்போதும் வேறொரு பலகையை வாங்கிப் பொருத்தினால் போதும் என்று எண்ணலாகாது. ஒவ்வொரு வன்தட்டுக்கும் உரிய தனி அளவுகள் அதன் பலகையிலுள்ள ஒரு சில்லில் பதிந்துள்ளன. அச்சில்லையும் புதிய பலகைக்கு மாற்றுதல் வேண்டும். படிக்கும் முனை பழுதுற்றால், அதே வகையான வேறொரு வன்தட்டிலிருந்து முனையை எடுத்து, தூசி நீக்கிய அறையில் பொருத்துவர். வீட்டு மேசையில் பெட்டியைத் திறந்தால், தூசித் துகள் ஒன்றே முனையை இடறச் செய்யப் போதுமானது. பழுதான வன்தட்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் உயிர் பெறும் என்றொரு நம்பிக்கையும் உலவுகிறது. வெளியே எடுத்தவுடன் அதன்மீது ஈரம் படியும் என்பதே அதனால் விளையும் கேடு.

முனை சிறிதேனும் படிக்கக் கூடியதாக இருப்பின், வல்லுநர் முதலிற் செய்வது கோப்புக்களைத் திறந்து பார்ப்பதன்று. வன்தட்டு முழுவதையும், அதிலுள்ளது இன்னதென்று ஆராயாமலே, மற்றொன்றில் அப்படியே படியெடுக்கின்றனர். 2004 முதல் வழங்கிவரும் டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளின் முறை இது: நலமாக உள்ள பகுதிகளை முதலில் விரைவாகப் படியெடுத்துக்கொள்ளும், இடர் தரும் இடங்களைத் தாண்டிச் செல்லும், எவை வந்தன, எவை வரவில்லை என்பதற்குக் குறிப்பு வைக்கும், பின்னரே விடுபட்ட இடங்களுக்கு மீண்டு வந்து சிறிது சிறிதாக முயலும். நோயுற்றவரைத் தொல்லை செய்யாமல் வேண்டியதை மட்டும் கேட்டறிவது போன்றது இது. ஆராய்ச்சி, சீரமைப்பு யாவும் அதன் பிறகு படியின்மீதே நிகழும்.

அழித்துவிட்ட கோப்பை மீட்பதும் இக்கலையின் ஒரு பிரிவே. 1982-இல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட மென்பொருளால் இது பலருக்கும் அறிமுகமாயிற்று. கோப்பை அழிக்கும்போது பெரும்பாலும் பெயர்ப் பட்டியலில் மட்டுமே மாற்றம் நேர்கிறது. எழுத்துக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கோயிற் சுவர்க் கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசியதைப் போன்றது இது. சுண்ணாம்பை நீக்கினால் எழுத்துத் தோன்றும். ஆனால் அதே இடத்தில் புதிதாக ஒன்றை எழுதிவிட்டால், மணலைப் பீய்ச்சித் தேய்த்த கல்லின் கதியே அதற்கும். சுழலும் தட்டு இல்லாத இக்காலத்து எஸ்.எஸ்.டி. வகையிலோ, அழித்த இடத்தை இயந்திரமே துடைத்துவிடுவதும் உண்டு.

மீட்பின் எல்லை எதுவரை என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். 2003 பிப்ரவரி 1-ஆம் நாள், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் கொலம்பியா விண்கலம் வானிலே சிதறிற்று. செனான் வாயுவின் பாகுநிலையை விண்வெளியில் ஆராய்ந்த சோதனையின் அளவுகளைத் தாங்கிய வன்தட்டு ஒன்று, கருகிய நிலையில் சிதைவுகளிடையே கிடைத்தது. உறை உருகியிருந்தும் எழுத்துப் பதிந்திருந்த தட்டுக்களின் பகுதி தப்பியிருந்தது. ஆன்டிராக் என்னும் நிறுவனத்தின் வல்லுநர்கள் அவற்றைத் தூய்மை செய்து, வேறொரு பெட்டியில் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காடு செய்திகளை மீட்டனர். அவ்வாராய்ச்சியின் முடிவு 2008-இல் வெளிவந்தது. அவ்வன்தட்டு வானிலிருந்து விழுந்தது. எனினும், பழுதான பின் எவரும் அதை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கவில்லை.

முதலிற் படியெடு, பிறகு வாசி என்னும் இந்நெறி கணிப்பொறியோடு பிறந்ததன்று. யாழ்ப்பாணத்தில் தோன்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏட்டுச் சுவடிகளின் நிலையை எண்ணி அதன் பதிப்புரையில் மனம் நொந்து எழுதினார். கட்டை அவிழ்த்தால் ஓலை ஒடிகிறது, தொட்டால் உதிர்கிறது. படிப்பதே படிக்கப்படும் பொருளைக் கெடுக்கும் நிலை அது. அக்காலத்தில் பதிப்பாசிரியர்கள் பல ஊர்ச் சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியதற்கும் காரணம் அதுவே. ஒன்றில் சிதைந்த இடம் மற்றொன்றில் பிழைத்திருக்கக் கூடும்.

கல்லின் கதையை இனி ஆனேக்கலிலேயே காணலாம். 1004-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படை தலைக்காட்டைக் கைப்பற்றியது. அதனையடுத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்நாடு சோழர் ஆட்சியில் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சள இராமநாதனும் தமிழிலேயே சாசனங்கள் பொறித்தான். இப்பகுதிக் கல்வெட்டுக்களில் பல தமிழில் அமைந்திருப்பது இதனாலேயே. 1837-இல் பெங்களூரிலேயே பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்னும் ஆங்கிலேயர், மைசூர் அரசின் தொல்பொருள் துறைத் தலைவராகி, ஊர் ஊராகக் கல்வெட்டுக்களைப் படியெடுக்கச் செய்து ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்னும் தொகுதிகளை வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதி 1905-இல் வெளிவந்தது. ஆனேக்கல் வட்டத்துக் கல்வெட்டுக்கள் அதில் அடங்கியுள்ளன.

படியெடுக்கும் முறை எளியது. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் பதியுமாறு தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றுவர். பள்ளத்திலுள்ள எழுத்து வெண்மையாகவும், சுற்றிலும் கருமையாகவும் தோன்றும். அந்த மைப்படியை மேசையில் விரித்துப் பொறுமையாக வாசிக்கலாம். கல்லுக்கு ஊறு நேராது. பெங்களூர் வளர்ந்தது, சாலைகள் அகன்றன, வயல்கள் வீட்டு மனைகளாயின. ஒன்பதாம் தொகுதியிற் கண்ட கற்கள் பல இன்று தம் இடத்தில் இல்லை. ஆயினும் அவற்றின் வாசகம் இருக்கிறது. நம்மைப் போல் இங்கு வந்து வாழ்ந்த பழந்தமிழர் எந்தக் கோயிலுக்கு எந்த நிலத்தை அளித்தனர் என்பதை அப்படியின் வாயிலாகவே அறிகிறோம்.

படியும் அழியக் கூடியதே. மைசூரிலுள்ள இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளின் பாதுகாப்புக் குறித்துக் கவலை எழ, அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது. அதே ஆண்டில் பெங்களூர் மிதிக் சொசைட்டி, இவ்வட்டாரக் கல்வெட்டுக்களை முப்பரிமாண முறையில் ஒளிவருடிக் காக்கும் பணியைத் தொடங்கிற்று. கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்த எழுத்தும் அம்முறையில் தெளிவாகின்றது. அவ்வாறு மீட்ட கல்லின் உருவம் இறுதியில் எங்கே தங்குகிறது? ஏதோவொரு கணிப்பொறியின் தட்டில்தான். ஆயிரம் ஆண்டு நின்ற கல்லின் செய்தி, சில ஆண்டுகளில் தளரக் கூடிய ஒரு கருவியின் பொறுப்பில் வருகிறது. ஆதலின் படிக்கும் படி வேண்டும். அது மற்றோர் இடத்தில் இருத்தலும் வேண்டும்.

என் தந்தையாரின் ஆறு குறிப்பேடுகளில் நான்கு மீண்டன. ஏரியும் நிலங்களும் திருவிழாக்களும் வந்தன. உறவு முறைகளை எழுதிய இரண்டும் வரவில்லை. அவ்வுறவுகளை இனி எனக்குச் சொல்வார் இல்லை. மீண்ட நான்கையும் மூன்று படிகளாக்கினேன். ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒன்று ஊரிலுள்ள சிற்றப்பா வீட்டில் இருக்கிறது. மற்றொன்றைத் தாளில் அச்சிட்டுத் தைத்து வைத்திருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை, பொங்கலுக்கு மறுநாள், அவற்றைத் திறந்து பார்ப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

வேற்று மாநிலத்தில் வாழும் நம்மிடம் ஊரின் நினைவு ஒரே ஒரு படியாகவே பெரும்பாலும் இருக்கிறது: பாட்டியின் குரல் ஒரு கைப்பேசியில், திருமணப் படங்கள் ஒரு தட்டில், நிலப் பத்திரத்தின் நகல் ஒரு பெட்டியில். ஓசை எழுமுன்னரே படியெடுங்கள். எழுந்துவிட்டதாயின், கருவியை உடனே நிறுத்தி, அறிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள்.