கோல் கணக்கில் வராத உழைப்பு: வி. பி. சத்யனும் இந்தியத் தடுப்பாட்டக்காரரின் தொழில்வாழ்வும்

1991, 1992 என்ற அடுத்தடுத்த ஆண்டுகளில் சந்தோஷ் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டங்கள் பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்திலும் நடந்தன. பாலக்காட்டில் கேரளம் மகாராஷ்டிரத்திடம் 0–1 என்ற கணக்கில் தோற்றது. மறு ஆண்டு கோயம்புத்தூரில் கோவாவை 3–0 என்று வென்றது. கேரள–தமிழக எல்லையை ஒட்டிய நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரங்களில் தமிழும் மலையாளமும் பேசி வாழ்கிறவர்களுக்கு இவ்விரண்டும் பக்கத்து ஊர் ஆட்டங்கள். கேரளம் தன் முதல் சந்தோஷ் கோப்பையை 1973இல் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3–2 என்று வென்று பெற்றது. அன்று மூன்று கோலையும் அடித்தவர் அணித்தலைவர் டி. கே. எஸ். மணி. 19 ஆண்டுகளுக்குப் பிறகு கோயம்புத்தூரில் கோப்பையைக் கையில் வாங்கிய தலைவர் ஒரு ஸ்டாப்பர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர்: கண்ணூர் மாவட்டம் சொக்லியில் 1965இல் பிறந்த வட்டப்பரம்பத்து சத்யன்.

முதல் வெற்றி மூன்று கோல் அடித்தவரின் பெயரால் நிலைத்துவிட்டது. இரண்டாம் வெற்றியில் கேரளம் ஒரு கோலும் வாங்கவில்லை. ஆனால் அதற்கு உழைத்தவர்கள் அன்று என்ன செய்தார்கள் என்று சொல்லும் குறிப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்த இடைவெளியைச் சத்யனின் வாழ்க்கை வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தடுப்பாட்டம் நெடுங்காலப் பழக்கத்தால் விளையும் திறமை. இந்தியாவில் அதற்கு வேண்டிய காலத்தைக் கொடுத்தது கால்பந்துச் சந்தை அன்று. போலீஸ், வங்கி, ரயில்வே போன்ற துறைகள் கொடுத்த வேலை. ஆனால் அந்தக் காலத்தில் விளைந்த அறிவைப் பேணுவதற்கு அத்துறைகளிடம் வழி இருக்கவில்லை. பின்னர் வந்த தொழில்முறை லீக்குகளும் அதை அமைத்துக் கொடுக்கவில்லை என்பதே என் வாதம்.

பதிவேட்டில் இல்லாத வேலை

முன்களக்காரர் செய்தது கோலாக எண்ணப்படுகிறது. தடுப்பாட்டக்காரரின் நல்ல நாள் என்பது எதுவும் நடக்காமல் போன நாள். எதிரணியின் பாஸ் வராமல் இடத்தை அடைத்து நிற்பதும், பக்கத்தில் ஆடும் பேக்கை முன்னே தள்ளி ஆஃப்சைடு கோட்டை உயர்த்துவதும், மூலையிலிருந்து வரும் பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றுவதும் நினைவில் தங்கினால் உண்டு. அவர் பிழை செய்த நாள் மட்டும் உடனே அச்சேறிவிடும்.

இது இந்தியக் குறை மட்டுமன்று. ஐரோப்பாவின் பாலன் தோர் விருது 1956இல் தொடங்கியது. அதைப் பெற்ற தடுப்பாட்டக்காரர்கள் மூவர்தான்: ஃபிரான்ஸ் பெக்கன்பவர் 1972, 1976 ஆண்டுகளில், மத்தியாஸ் சாமர் 1996இல், ஃபாபியோ கன்னவாரோ 2006இல். பெக்கன்பவரும் சாமரும் பின்னாலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறி ஆட்டத்தை நடத்தியவர்கள். தடுப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டு அந்த மேடை ஏறியவர் என்று கன்னவாரோவைத்தான் சொல்ல முடியும்.

இந்தச் சிக்கலை முன்பே உணர்ந்து அதற்கென்று கருவிகள் செய்துகொண்ட விளையாட்டு ஒன்று உண்டு: வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி. அங்கே தேசிய ஹாக்கி லீக் 1954 முதல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கென்று நாரிஸ் கோப்பையைத் தனியே வழங்குகிறது. 1967–68 பருவத்திலிருந்து பிளஸ்–மைனஸ் என்ற கணக்கையும் எழுதி வருகிறது. களத்தில் ஆட்கள் கூடுதலாக உள்ள அணி அடிக்கும் கோல்களைத் தவிர்த்து, ஒருவர் களத்தில் நிற்கையில் அவர் அணி கோல் அடித்தால் அவருக்கு ஒன்று கூடும். வாங்கினால் ஒன்று குறையும். கோலைத் தொடாதவருக்கும் கோலில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இது. நல்ல அணியில் இருப்பவருக்கு எண் தானாகவே உயரும் என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் அது ஒரு பதிவு. பதிவு இருந்தால்தான் அதன் குறையைப் பற்றிப் பேசவும் முடியும்.

அந்தக் கோப்பையின் வரலாறே கற்கத் தக்கது. பாஸ்டன் அணியின் பாபி ஓர் அதை 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு முறை வென்றார். அவர் இருமுறை லீக்கின் அதிகப் புள்ளிகளையும் எடுத்த தடுப்பாட்டக்காரர். பிறகு 1983, 1984 ஆண்டுகளில் வாஷிங்டன் அணியின் ராட் லாங்வே வென்றார். அவர் கோல் கணக்கால் பெயர் பெற்றவரல்லர்; சொந்தப் பகுதியைக் காத்ததற்காகவே மதிக்கப்பட்டவர். தனி விருதும் தனிக் கணக்கும் இருந்ததால்தான் அப்படி ஒருவரைக் கண்டெடுக்க முடிந்தது. முழங்கால் காயங்களால் பாபி ஓர் 30 வயதில், 1978இல் ஆட்டத்தைவிட்டு விலகினார். அவர் இழந்தது எவ்வளவு என்பதை இன்றும் கணக்கிட்டுச் சொல்லலாம். சத்யன் இழந்ததைக் கணக்கிட நம்மிடம் ஏடு இல்லை.

வேலை தேடிப் போன ஆட்டம்

கேரளத்துக் காற்பந்தாளர்களின் முதல் தலைமுறை ஊரைவிட்டுத்தான் வாழ்ந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் தடுப்பாட்டக்காரராக இருந்த கோழிக்கோட்டு டி. ஏ. ரகுமான் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு ஆடினார். அதே அணியின் கோல்காப்பாளர் எஸ். எஸ். நாராயண் பாலக்காடு மாவட்டத்து ஒற்றப்பாலத்தில் பிறந்தவர். ஆட்டவாழ்வு முழுக்கப் பம்பாயில் கழித்தவர். பந்தை நம்பிப் பிழைக்க வேண்டுமென்றால் கொல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயிலேற வேண்டியிருந்தது.

1980களில் கேரளப் போலீஸ் அணி உருவானபோது இந்த நிலை மாறியது. திறமையுள்ள இளைஞர்களுக்குக் காவல்துறையில் வேலை கிடைத்தது. ஐ. எம். விஜயன், சி. வி. பாப்பச்சன், யு. ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ, கோல்காப்பாளர் கே. டி. சாக்கோ ஆகியோரோடு சத்யனும் அந்த அணியில் வளர்ந்தார். 1990இல் திருச்சூரில் சால்கோகரை 2–1 என்றும், 1991இல் கண்ணூரில் மகிந்திரா அணியை 2–0 என்றும் வென்று, ஃபெடரேஷன் கோப்பையை முதன்முதலாகக் கேரளத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

இந்த வெற்றிகளை விஜயனின் கால்திறனோடு சேர்த்தே பேசுவது வழக்கம். அந்தப் புகழுக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆயினும் துறை அணி என்ற அமைப்பு யாருக்கு அதிகம் உதவியது என்று கேட்டால், தடுப்பாட்டக்காரருக்கு என்றே சொல்வேன். முன்களக்காரர் ஒருவர் புதிய அணிக்குப் போன முதல் நாளே கோல் அடித்துவிடலாம். நான்கு பேக்குகளும் கோல்காப்பாளரும் ஒருவர் அசைவை மற்றவர் பார்க்காமலே அறிவதற்கு ஆண்டுகள் தேவை. ஒரே முகாமில் தங்கி, ஒரே மைதானத்தில் காலையும் மாலையும் பயிற்சி செய்து, மாதம் தவறாமல் சம்பளம் வாங்கி, அடுத்த பருவம் எங்கே என்ற கவலையின்றி ஆடிய ஐந்தாறு ஆண்டுகள்தாம் அந்தப் பழக்கத்தைக் கொடுத்தன.

இவர்களில் பலர் ஆடிய மாநில அணியின் சந்தோஷ் கோப்பைக் கணக்கு இதற்குத் துணை நிற்கிறது. 1988 முதல் 1991 வரை கேரளம் தொடர்ந்து நான்கு இறுதி ஆட்டங்களில் தோற்றது. முதல் இரண்டும் பெனால்டி உதைகளில் போயின. பாலக்காட்டில் போனது ஒரே கோலில். நான்கு ஆண்டு தொடர்ந்து இறுதிக்கு வந்த அணியின் அடித்தளம் உறுதியாக இருந்திருக்க வேண்டும். வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்தது மிகச் சிறிய தூரம். கோயம்புத்தூரில் 3–0, மறு ஆண்டு கொச்சியில் மகாராஷ்டிரத்துக்கு எதிராக 2–0. அத்தூரத்தைக் கேரளம் கடந்த இரு இறுதிகளிலும் அதன் வலை அசையவில்லை. கோப்பை தந்த காலத்தைக் கோல் அடித்தவர்களின் காலம் என்று மட்டும் எழுதுவது பாதி வரலாறு.

கொல்கத்தாவும் சென்னையும்

இந்திய அணிக்கும் தலைமை ஏற்ற சத்யன், 1990களில் போலீஸ் அணியைவிட்டுக் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான் அணிகளுக்கு ஆடினார். பிறகு சென்னையில் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். அந்த வங்கி அணிக்கு ஆடி, அதன் பயிற்சியாளராகவும் ஆனார். இந்தப் பாதையில் காலத்தின் கோளாறு ஒன்று தெரிகிறது. தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது 1996இல். அப்போது சத்யனுக்கு 31 வயது. கால்களில் பட்ட காயங்கள் பல. நாடு தழுவிய லீக் என்ற மேடை கிடைத்தபோது அவருடைய சிறந்த ஆண்டுகள் கழிந்துவிட்டன.

வங்கி வேலை பாதுகாப்பானது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். அந்த வேலைகள் இல்லையென்றால் தமிழகத்திலும் கேரளத்திலும் ஒரு தலைமுறைக் கால்பந்தே இருந்திருக்காது. ஆனால் துறையில் உயர்வு என்பது பணிமூப்பாலும் தேர்வாலும் வருவது. எதிரணி முன்களத்தை எப்படிக் கட்டிப்போடுவது என்ற அறிவுக்கு அங்கே பதவியில்லை. அந்த அறிவை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கப் பயிற்சியாளர் பொறுப்பு ஒன்றே வழி. அதுவும் நிறுவனம் அணியை நடத்தும் வரைதான். காயத்துக்கு ஆட்டக்காலம் முடிந்த பின்னும் தொடரும் மருத்துவமோ, உடலும் பெயரும் தளரும் வயதில் மனத்தைத் தாங்கும் ஏற்பாடோ இல்லை.

2006 ஜூலை 18 அன்று சென்னை பல்லாவரத்தில் சத்யன் இறந்தார். அவருக்கு வயது 41. ஒரு மனிதர் தம் உயிரை விட்டதற்கு ஒற்றைக் காரணம் சொல்வது நேர்மையாகாது. இக்கட்டுரை அதைச் செய்யாது. ஆனால் விளையாட்டை விட்டபின் ஒருவர் எந்த ஏற்பாடுமின்றித் தனியே நிற்க நேர்கிறது என்பது அமைப்பைப் பற்றிய செய்தி. அதை ஆராயாமல் விடுவதும் நேர்மையாகாது. இந்தியக் கால்பந்து வீரர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது அதே 2006இல்தான். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர்கள் 1967இலேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். சத்யனை இன்றைய இளைஞர்களுக்கு அறியத்தந்தது 2018இல் பிரஜேஷ் சென் இயக்கத்தில் ஜயசூர்யா நடித்த ‘கேப்டன்’ திரைப்படம். ஏடுகள் விட்ட இடத்தைத் திரைப்படம் நிரப்பியது. அதற்கு நன்றி சொல்லலாம். அதையே வரலாறாகக் கொண்டுவிட முடியாது.

எதிர்வாதமும் மறுமொழியும்

இதெல்லாம் பழைய கதை, 2014இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தபின் நிலைமை மாறிவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். ஊதியம் உயர்ந்தது உண்மை. பயிற்சியும் மருத்துவமும் மேம்பட்டதும் உண்மை. ஆனால் மலப்புறத்துக் கொண்டோட்டியின் அனஸ் எடத்தொடிகாவின் வாழ்வை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். இளமையில் ஆட்டோ ஓட்டியவர். மும்பை, புனே, டெல்லி, கொல்கத்தா, ஜம்ஷெட்பூர், கொச்சி என்று அணிமாறி அணிமாறி ஆடியவர். இந்தியாவுக்கு முதலில் ஆடியபோது 2017, வயது 30. 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காயத்தால் வெளியேறினார். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியால் இந்தியா 0–1 என்று தோற்றது; ஓரிரு நாளில் அவர் தேசிய அணியிலிருந்து ஓய்வு அறிவித்தார். பின்னர் அவருக்கு அரசு வேலை கிடைக்காதது கேரளத்தில் பொது விவாதமானது.

சத்யனுக்குக் கிடைத்த தொடர்ச்சி அனஸுக்குக் கிடைக்கவில்லை. அனஸுக்குக் கிடைத்த சந்தை சத்யனுக்குக் கிடைக்கவில்லை. ஓரிரு பருவ ஒப்பந்தங்களில் பக்கத்து பேக்கின் பெயரைப் பழகுவதற்குள் அணி கலைந்துவிடுகிறது. துறை வேலையா, தொழில்முறை லீக்கா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்து புகழ்வது பயனற்றது. நீண்ட ஒப்பந்தம், ஓய்வுக்குப் பின்னும் நீளும் மருத்துவக் காப்பு, பயிற்றுவிக்கும் வேலையில் முன்னாள் வீரருக்கு உறுதியான இடம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் தடுப்பாட்டம் ஒரு தொழிலாகும்.

செய்ய வேண்டியது

மேற்சொன்ன மூன்றும் கூட்டமைப்புகளும் அரசுகளும் செய்ய வேண்டியவை. நான்காவது ஒன்று உண்டு. அது ஆய்வாளர் பொறுப்பு. 1991 பாலக்காடு, 1992 கோயம்புத்தூர் ஆட்டங்களை ஆடியவர்களும் பார்த்தவர்களும் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். நடுவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள், கணவாயைக் கடந்து பேருந்தில் போய்ப் பார்த்தவர்கள், அன்றைய நாளிதழ்களுக்கு எழுதியவர்கள் அனைவரின் நினைவையும் இருமொழியிலும் பதிவு செய்ய இந்த எல்லைப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. சித்தூர் அரசுக் கல்லூரியின் தமிழ்த்துறையும் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதை ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். கேள்விகள் யார் கோல் அடித்தார்கள் என்பதோடு நிற்கக் கூடாது. யார் யாருக்கு அருகில் ஆடினார்கள், எத்தனை ஆண்டு சேர்ந்து ஆடினார்கள், யார் குரல் கொடுத்துக் கோட்டை உயர்த்தினார், காயத்தோடு எத்தனை ஆட்டம் ஆடினார், ஓய்வுக்குப் பின் என்ன வேலை செய்தார் என்று கேட்க வேண்டும். இந்த விடைகள் சேர்ந்தால் தென்னிந்தியத் தடுப்பாட்டக்காரருக்கு முதல் பதிவேடு உருவாகும். இன்று துறை அணிக்கும் லீக் அணிக்கும் இடையே தடுமாறும் இளம் பேக்குகள் தங்கள் உழைப்புக்கு ஊதியமும் பாதுகாப்பும் கேட்கும்போது காட்டுவதற்கு அந்த ஏடு அவர்களுக்குத் தேவை.