கொஞ்சம் இங்கே பார்!

பாவ்லோவை எல்லோருக்கும் தெரியும். சத்தம் கேட்டால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டிய ரஷ்ய விஞ்ஞானி. ஆனால் நாய் விஷயத்தில் அந்தப் பெரிய மனிதர் பட்ட ஒரு அவஸ்தையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய ஆய்வுக்கூடம். உதவியாளர் ஒருவர் மெனக்கெட்டு ஒரு நாயைப் பழக்கி வைத்திருப்பார். சத்தம் கேட்கிறது, எச்சில் சுரக்கிறது. பிசகே இல்லை. சந்தோஷமாகப் போய் பாவ்லோவை அழைத்து வருவார். அவரும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். அவ்வளவுதான். நாய் காதை விடைத்துக்கொண்டு பாவ்லோவையே பார்க்கும். யார் இந்தத் தாடிக்கார ஆசாமி? சத்தமாவது, எச்சிலாவது!

இதற்கு பாவ்லோவ் ஒரு பெயர் வைத்தார். 'அது என்ன?' அனிச்சை. புதிதாக ஒரு சத்தம், ஒரு வாடை, ஒரு அசைவு வந்தால் போதும். செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பு என்று நாயின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. திமிர் இல்லை, கீழ்ப்படியாமை இல்லை. அது இல்லாமல் ஒரு மிருகம் காட்டில் ஒரு நாள்கூடப் பிழைக்காது.

சரி, நாயை மாற்ற முடியாது. கட்டடத்தையாவது மாற்றுவோம் என்று முடிவு செய்தார். மாஸ்கோ பணக்காரர்களின் நன்கொடையில், 1910-களில் ஒரு தனிக் கட்டடம் எழும்பியது. சுற்றிலும் அகழி. தடித்த சுவர்கள். நாய் ஓர் அறையில், ஆராய்ச்சியாளர் வேறோர் அறையில். 'மௌன கோபுரம்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஒரு நாயின் கவனம் சிதறாமல் இருக்க அகழி வெட்டிக் கோட்டை கட்டவேண்டியிருந்தது!

இப்போது காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஏது கோபுரம்? எதிரே இன்னொரு நாய், குப்பைத்தொட்டி, சைக்கிள், பூனை, நேற்று ராத்திரி எவனோ சிந்திவிட்டுப் போன குழம்பு. பத்தடிக்குப் பத்து 'அது என்ன?'. இத்தனைக்கும் நடுவில், சங்கிலியின் மறுமுனையில் தொங்கும் மனிதரை நாய் எதற்காகத் திரும்பிப் பார்க்கவேண்டும்? நூறு வருஷத்துக்கும் மேலாக நாய் பழக்குபவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது இந்தக் கேள்விக்காகத்தான்.

முதல் பதில் போலீஸ்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட். 1906-ல் சார்ப்ரூக்கன் நகர போலீஸுக்கு நாய்களைப் பழக்க ஆரம்பித்தவர், 1910-ல் அதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். குச்சி, முள் வைத்த கழுத்துப்பட்டை, கயிற்றை வெடுக்கென்று இழுப்பது எல்லாம் அதில் உண்டு. பக்கத்தில் நடக்கவேண்டிய நாய் முன்னே போனால் ஓர் இழுப்பு. சரியாக வந்தால் தட்டிக்கொடுப்பு.

மோஸ்ட்டை வெறும் முரடர் என்று ஒதுக்கிவிட முடியாது. நாய்க்கு மனிதனைப் போல நியாய அநியாயம் தெரியாது, செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்புதான் புரியும் என்று அடித்துச் சொன்ன ஆள். பாராட்டோ தண்டனையோ, அந்தக் கணத்திலேயே வரவேண்டும் என்பதில் கறார். பின்னால் மனோதத்துவக்காரர்கள் பெரிய பெரிய பெயர் சூட்டிய பல விஷயங்களை ஒரு போலீஸ் அதிகாரி முன்கூட்டியே கையில் வைத்திருந்தார். கூடவே குச்சியையும் வைத்திருந்தார் என்பதுதான் சிக்கல்.

போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் சொந்தமான இந்த வித்தையை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோனவர் ஒரு பெண்மணி. ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர். பூடில் வளர்த்தவர். சுருட்டை முடியும் சிகையலங்காரமுமாக இருக்கும் பூடிலுக்கு அழகு உண்டு, அறிவு கிடையாது என்று ஊரே கேலி பேசியது. அம்மையாருக்கு ரோஷம் வந்துவிட்டது. 1933 அக்டோபரில், நியூயார்க்கை அடுத்த மவுன்ட் கிஸ்கோவில், அப்பாவின் எஸ்டேட்டிலேயே ஒரு பரீட்சை வைத்தார். எட்டு நாய்கள் கலந்துகொண்டன. அடுத்த வருஷம் பிளாஞ்ச் சாண்டர்ஸ் என்ற இளம்பெண் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1937-ல் இருவரும் மூன்று பூடில்களை ஏற்றிக்கொண்டு, காருக்குப் பின்னால் ஒரு நடமாடும் வீட்டை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பத்தாயிரம் மைல்! போன இடமெல்லாம் செய்முறை விளக்கம். நாய் எஜமானரின் இடது முழங்காலை ஒட்டி, முகத்தைப் பார்த்தபடி நடக்கிற அந்த நடை அமெரிக்காவில் பரவியதில் இந்த இரு பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சாண்டர்ஸின் சூத்திரம் எளிமையானது. கட்டளை, ஒரு வெடுக், உடனே பாராட்டு. கொஞ்சம் மென்மையாகிவிட்ட மோஸ்ட், அவ்வளவுதான். வெடுக் போகவில்லை.

அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் வில்லியம் கோஹ்லர். வால்ட் டிஸ்னி படங்களுக்கு நாய்களைப் பழக்கித் தந்தவர். 1962-ல் வெளிவந்த அவருடைய புத்தகம் விற்றுத் தள்ளியது. அதில் முதல் பாடமே நம் கேள்விக்கான பதில்தான்.

பதினைந்தடிக் கயிறு ஒன்றை நாயின் கழுத்தில் மாட்டுங்கள். ஒரு வார்த்தை பேசக்கூடாது. கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது. ஓர் இடத்தைக் குறிவைத்து விறுவிறுவென்று நடங்கள். நாய் வேறு பக்கம் போகிறதா? போகட்டும். நீங்கள் நிற்காதீர்கள். கயிறு தீரும் இடத்தில் நாய்க்கு ஒரு குலுக்கல் விழும். சில நாள் கழித்து, கவர்ச்சியான எதையாவது வேண்டுமென்றே காட்டுங்கள். திறந்த கேட், இன்னொரு நாய். அது அந்தப் பக்கம் பாய்ந்த மாத்திரத்தில் நீங்கள் எதிர்ப்பக்கம் பாருங்கள், நடங்கள். பதினைந்தடி ஓட்டத்தின் வேகம் முழுவதும் அதன் கழுத்திலேயே வந்து இறங்கும்.

பலித்ததா? பலித்தது. சில நாட்களிலேயே நாய் எஜமானரை விட்டுக் கண்ணை எடுக்காது. எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்பித் தொலைப்பாரோ! அந்தப் பார்வைக்குப் பக்தி என்று பெயர் வைத்தார்கள். எனக்கென்னவோ அது, மேலதிகாரியின் மூடு எப்படி என்று காலையில் எட்டிப் பார்க்கும் குமாஸ்தாவின் பார்வை என்றுதான் தோன்றுகிறது. அதே புத்தகத்தில், தோட்டத்தில் குழி பறிக்கும் நாய்க்கும் வைத்தியம் இருக்கிறது. அந்தக் குழியிலேயே தண்ணீரை நிரப்பி, நாயின் முகத்தை அதில் அமுக்கு. இதைக் கடைப்பிடித்தவர்கள் கொடூரர்கள் இல்லை. தங்கள் நாயை நேசித்த சாதாரணக் குடும்பஸ்தர்கள். வேறு வழி இல்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

வேறு வழி இருந்தது என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். கோஹ்லர் புத்தகம் வருவதற்குப் பல வருஷம் முன்பே இருந்தது. ஆனால் அது நாய்க்காரர்களிடம் இல்லை. புறாக்காரர்களிடம் இருந்தது.

இரண்டாம் உலகப் போர் சமயம். மினியாபொலிஸ் நகரில் ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் மாவு மில் மாடியில் ஸ்கின்னர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் ஒரு விநோதமான காரியம் செய்துகொண்டிருந்தார். வெடிகுண்டுக்குப் புறாவை டிரைவராகப் போடுவது! திரையில் தெரியும் இலக்கைப் புறா கொத்திக்கொண்டே இருந்தால், குண்டு அந்தத் திசையில் போகும். 1943-ல் அரசாங்கம் 25,000 டாலர் கொடுத்தது. சத்தம், அதிர்வு எதற்கும் அசராமல் புறாக்கள் கொத்தின. அடியும் இல்லை, இழுப்பும் இல்லை. கொத்தினால் தானியம், அவ்வளவே. புறாவை நம்பிக் குண்டு போடுவதா என்று அதிகாரிகளுக்குச் சிரிப்பு. 1944-ல் கடையை மூடிவிட்டார்கள்.

அங்கே வேலை பார்த்த ஸ்கின்னரின் மாணவர்கள் இருவர், கெல்லர் பிரேலண்ட், மேரியன் பிரேலண்ட் தம்பதி, இதை விடுவதாக இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பிராணிகளைப் பழக்கும் தொழிலில் இறங்கினார்கள். முதலில் கைவைத்தது நாய்மீது. அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் போடும் சின்ன தகர பொம்மை இருக்கிறதல்லவா, அதுதான் கருவி. நாய் சரியானதைச் செய்த நொடியில் ஒரு 'டிக்'. பின்னாலேயே ஒரு துண்டு தீனி. சும்மா தீனி மட்டும் போடக்கூடாதா? கை பைக்குள் போய் வருவதற்குள் நாய் வேறு பத்து காரியம் செய்திருக்கும். எதற்குக் கூலி என்று அதற்கு எப்படித் தெரியும்? 'டிக்' என்பது ரசீது. பணம் பின்னால் வரும், நீ செய்த வேலை இதுதான் என்று தேதியோடு எழுதிக் கொடுத்த ரசீது. (பி.காம். படித்தவனுக்கு உதாரணமும் அந்தப் பக்கத்திலிருந்துதானே வரும்!)

நாய்க்காரர்கள் மதிக்கவே இல்லை. புறாவைப் பழக்கிய பிள்ளைகள் நமக்குப் பாடம் எடுப்பதா? பிரேலண்ட் தம்பதிக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறதே. 1947-ல் அதே ஜெனரல் மில்ஸின் கோழித் தீவன விளம்பரத்துக்குக் கோழிகளை ஆடவிடும் வேலைக்குப் போய்விட்டார்கள். தகர பொம்மை நாய் உலகத்தின் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. 1951-ல் ஸ்கின்னரே 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார். அப்போதும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் கழிந்தது கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. எத்தனை கோடி கழுத்துகள், எத்தனை வெடுக்குகள். கணக்குப் போட முடியாத நஷ்டம் இது.

கடைசியில் டால்ஃபின்தான் வந்து காப்பாற்றியது. டால்ஃபின் கழுத்தில் சங்கிலி மாட்ட முடியாது. கோபித்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டால் நீங்கள் கரையில் நின்று கத்தவேண்டியதுதான். 1963-ல் ஹவாய்த் தீவின் கடல் பூங்காவில் டால்ஃபின் பழக்கும் பொறுப்பு கேரன் பிரையர் தலையில் விழுந்தது. விசில், மீன் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு சாதித்தார். 1984-ல் அதைப் புத்தகமாக எழுதினார். 1992-ல் சான்பிரான்சிஸ்கோவில் நாய்ப் பயிற்சியாளர்களும் மனோதத்துவக்காரர்களும் கூடிய ஒரு கூட்டம். பிரையர் தரப்பு கையில் 'டிக்' பொம்மை. அங்கிருந்துதான் அது ஊர் ஊராகப் பரவியது.

சரி, அந்த வழியில் நாயை எப்படி நடத்திப்போவது? ஆரம்பம் தெருவில் இல்லை. வீட்டுக் கூடத்தில். நாய் தற்செயலாக உங்கள் முகத்தைப் பார்க்கும் நொடிக்காகக் காத்திருங்கள். பார்த்ததும் ஒரு 'டிக்', அல்லது எப்போதும் ஒரே மாதிரி ஒரு சொல். உடனே தீனி, உங்கள் காலருகே வைத்து. இடம்தான் முக்கியம். கூலி எந்தக் கவுன்டரில் கிடைக்கிறதோ அங்கேதான் கூட்டம் நிற்கும். கூடத்தில் பலித்தபின் வாசல். வாசலில் பலித்தபின் சந்தடியில்லாத தெரு. எதிரே இன்னொரு நாய் வந்தால் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். உங்கள் நாய் அதைப் பார்த்தும் நிதானமாக இருக்கிற தூரம் எது என்று கண்டுபிடியுங்கள். பாவ்லோவின் அகழிக்குப் பதில் இந்தத் தூரம்தான். சங்கிலி விறைத்தால் நின்றுவிடுங்கள். தளர்ந்தால் நடங்கள். இழுத்தால் உலகம் நின்றுபோகும் என்று அதற்குத் தெரியவேண்டும்.

'இது லஞ்சமில்லையா சார்?' என்று கேட்பார்கள். வேலைக்கு முன்னால் காட்டினால் லஞ்சம். முடித்தபின் கொடுத்தால் சம்பளம். எல்லா நேரமும் தீனி தேவையும் இல்லை. நாயின் கண் கம்பத்தை நோக்கிப் போகிறதா? முகத்தைப் பார்த்தபின், 'போ, மோந்து பார்' என்று விட்டுவிடுங்கள். எந்த 'அது என்ன?' பாவ்லோவைப் படாதபாடு படுத்தியதோ, அதையே கூலியாகக் கொடுத்துவிடலாம்!

நாய்க்கு மனித முகத்தைப் பார்ப்பதில் இயல்பாகவே ஒரு நாட்டம் உண்டு என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. 2003-ல் புடாபெஸ்டில் ஒரு சோதனை. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்கள், வீட்டு நாய்கள் இரண்டுக்கும் திறக்க முடியாத ஒரு தீனிப் பெட்டி. ஓநாய்கள் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தன. நாய்களோ சீக்கிரமே திரும்பி மனிதர் முகத்தைப் பார்த்தன. 2015-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். நாயும் எஜமானரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டபோது இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடியது. தாய்க்கும் சேய்க்கும் இடையில் வேலை செய்யும் அதே ஹார்மோன்.

இவ்வளவுக்குப் பிறகும் வெடுக் ஓயவில்லை. கயிற்றுக்குப் பதில் பட்டனை அழுத்தினால் ஷாக் கொடுக்கும் பட்டை வந்துவிட்டது. அது இல்லாமல் சில நாய்களை அடக்கவே முடியாது என்று வாதம். 2020-ல் பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகம் 63 நாய்களை மூன்று பிரிவாக்கிச் செய்த ஆய்வின் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவுக்கு ஷாக் பட்டை. அதைப் பயன்படுத்தியவர்கள் அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள்தான். கூப்பிட்ட குரலுக்கு வருவதில் சம்பளக்கார நாய்களை அவர்களால் முந்த முடியவில்லை. வேல்ஸ் அதற்கு முன்பே, 2010-ல், ஷாக் பட்டையைத் தடை செய்திருந்தது. இங்கிலாந்திலும் 2024 பிப்ரவரி 1 முதல் தடை அமலுக்கு வருவதாக இருந்தது. அந்தத் தேதி வந்தது, போனது. தடை வரவில்லை.