பத்தொன்பது அங்குலச் சட்டம்

கணிப்பொறியின் வரலாற்றைக் கூறப் புகுவோர் அதன் வேகத்தையே வியந்து பேசுவர். அதைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தை நினைப்பார் அரியர். இன்று நாம் ரயிலுக்குப் பயணச்சீட்டுப் பதிவு செய்தாலும், ஊருக்குப் பணம் அனுப்பினாலும், அவ்வேலையை முடித்துத் தருபவை எங்கோ ஒரு கட்டடத்தில் ‘ராக்’ என்னும் சட்டங்களில் அடுக்கப்பட்டுள்ள சர்வர் பொறிகளே. அச்சட்டமோ கணிப்பொறிக்கு மூத்தது.

அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் ரிலேக்கள் முதலிய கருவிகள் பெருகி, இடம் போதாமற் போயிற்று. 1920-களின் தொடக்கத்தில் ஏ.டி. அண்டு டி. கம்பெனியார் ஓர் அளவை வகுத்தனர். நிமிர்ந்த இரண்டு இரும்புக் கால்கள். அவற்றின் குறுக்கே திருகி முடுக்கப்படும் முகத்தகட்டின் அகலம் 19 அங்குலம். அதன் உயரமோ ஒன்றே முக்கால் அங்குலத்தின் மடங்கு. ஒரு கருவியைக் கழற்றி அதே துளைகளில் வேறொன்றை மாட்டலாம். எளிய ஏற்பாடுதான், ஆனால் வானொலி நிலையங்களும் அதை விரும்பி ஏற்றன.

முதற் கணிப்பொறிகள் இந்த அளவுக்குள் அடங்கவில்லை. 1946-இல் உலகறிந்த எனியாக், 18,000-க்குச் சற்றே குறைந்த வால்வுகளுடன், நாற்பது பலகங்களாக ஓர் அறையையே வளைத்துக்கொண்டது. நம் நாட்டில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கி 1960-இல் இயக்கிய கணிப்பொறியும் அத்தகையதே. 18 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள எஃகுச் சட்டத்தில், இரு புறமும் கதவுகளோடு, 2,700 வால்வுகள் குடியிருந்தன. சென்னையில் பிறந்து கிண்டியில் பொறியியல் பயின்ற ஆர். நரசிம்மன் அவர்கள் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1962-இல் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ எனப் பெயர் சூட்டினார். அந்நாளில் சட்டம் என்பது பொறியின் உடலேயன்றி, மற்றொன்றுக்கு மாற்றித் தரும் இருக்கையன்று.

கணிப்பொறி சிறுத்தபோதே பழைய தொலைபேசிச் சட்டம் மீண்டும் பயன்பட்டது. 1965-இல் வந்த பி.டி.பி.-8 சட்டத்தில் பொருத்தியும் விற்கப்பட்டது. 1990-களில் இணையம் பெருகவே, மேசைப் பொறிகளை அலமாரிகளில் அடுக்கிப் பார்த்துச் சலித்தவர்கள், ஒன்றே முக்கால் அங்குல உயரமே உள்ள தட்டையான சர்வர்களை நாடினர். ஆறடிக்குச் சற்று மிகுந்த ஒரு சட்டத்தில் அத்தகைய இடங்கள் 42 உண்டு.

சிக்கனத்தின் எல்லையைக் கண்டவர்கள் கூகிள் நிறுவனத்தார். 1999-இல் அவர்கள் பெட்டிகளை அறவே நீக்கி, ஒவ்வொரு தட்டிலும் தக்கைத் தாளை விரித்து, நான்கு மின்பலகைகளை அதன்மேல் வைத்தனர். காண்பதற்கு அழகில்லை, ஆயினும் அச்சட்டங்களுள் ஒன்று இன்று அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

நெருக்கி அடுக்கினால் வெப்பம் மிகும். ஆகவே சட்டங்களை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு என நிறுத்தி, ஒரு சந்தில் குளிர்காற்றையும் அடுத்த சந்தில் வெப்பக்காற்றையும் பிரித்துச் செலுத்தும் முறை வந்தது. 2011-இல் பேஸ்புக் நிறுவனத்தார் தம் வடிவமைப்புகளை எல்லோரும் காண வெளியிட்டனர். அம்முயற்சியில் பிறந்த புதிய சட்டம், வெளி அகலத்தை மாற்றாமலே உட்புறத்தை 21 அங்குலமாக விரித்தது. ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியே இருந்த மின்வழங்கியை நீக்கி, பின்புறம் ஓடும் ஒரே செப்புப் பட்டையிலிருந்து அனைத்துக்கும் மின்சாரம் ஊட்டிற்று. எனக்குத் தோன்றுகிறபடி, அகலத்தினும் இப்பட்டையே பெரிய மாற்றம்.

2024-இல் என்விடியா அறிவித்த சட்டமொன்று 72 செயலிகளைத் தாங்குகிறது. ஏறத்தாழ 120 கிலோவாட் மின்சாரம் கொள்கிறது. ஒன்றரை டன் குளிர்சாதனங்கள் எண்பதை ஒருசேர ஓட்டப் போதுமான மின்சாரம் அது! அவ்வளவு வெப்பத்தைக் காற்று மட்டும் சுமந்து செல்ல இயலாது. எனவே குழாய்களின் வழியே திரவம் பாய்கிறது. 1960-களின் பெருங் கணிப்பொறிகள் சிலவற்றையும் தண்ணீரே குளிர்வித்தது. நவி மும்பையிலும் சென்னைச் சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழும் இந்நாளில், கட்டடம் எழுப்புவோர் தரையின் வலிமையோடு தண்ணீர்க் குழாய்களுக்கும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.